புள்ளி தெரியும், பேருந்து எது?

பெரம்பலூர் ஒரு மாவட்டத் தலைநகரம். ஆனால் அங்கே ரயில் நிலையம் கிடையாது. ரயில் பிடிக்க வேண்டியவர் கிழக்கே சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி அரியலூருக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் தெற்கே திருச்சிக்கு. விழுப்புரம்–திருச்சி கார்டு லைனில் அரியலூருக்கு வரும் ரயில் இந்த நிமிடம் எங்கே இருக்கிறது என்று கைப்பேசியில் பார்த்துவிட்டு வீட்டைப் பூட்டுவது இன்று சாதாரணப் பழக்கமாகிவிட்டது. 'வேர் இஸ் மை ட்ரெய்ன்' என்ற செயலியை உருவாக்கிய இந்திய நிறுவனத்தை 2018-இல் கூகுள் வாங்கியது. ஜிபிஎஸ் இல்லாமல், வழியிலுள்ள செல்போன் கோபுரங்களின் அடையாளத்தை மட்டும் வைத்துக்கொண்டுகூட அது ரயிலின் இருப்பிடத்தைச் சொல்லிவிடும். அவ்வளவு குறைந்த தகவலில் அது சாத்தியமாவதற்கு ஒரு காரணம் உண்டு. எந்த ரயில் என்பதைப் பயணியே ஐந்து இலக்க எண்ணாகச் சொல்லிவிடுகிறார். அந்த எண்ணுக்கு ஒரே பாதை, ஒரே கால அட்டவணை. இருப்பிடம் மட்டும்தான் மிச்சம். அதே பயணியை அரியலூர் நிலையத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய பேருந்தின் கதை நேர்மாறானது. அதன் இருப்பிடத்தைக் கருவி சொல்லிவிடும். அது எந்தப் பேருந்து, எந்த நேரத்து நடை (ட்ரிப்), எந்த ஊர்வரை போகும் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

கருவிகளுக்குப் பஞ்சமில்லை. பொதுப் பயணிகள் வாகனங்களில் இருப்பிடம் காட்டும் கருவியும் அவசர அழைப்புப் பொத்தானும் இருக்க வேண்டும் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2016 நவம்பரில் விதி கொண்டுவந்தது. 2019 ஜனவரி முதல் பதிவாகும் புது வண்டிகளுக்கு அது கட்டாயமானது. அந்தக் கருவிக்கான இலக்கணம் ஏஐஎஸ்-140 என்ற தரநிலை. சென்னையில் மாநகரப் பேருந்துகளைக் கைப்பேசியில் பின்தொடரும் 'சென்னை பஸ்' செயலி 2022-இல் வந்தது. மாவட்டங்களுக்கும் இது வர வேண்டுமா என்ற பேச்சு எழும்போதெல்லாம், அடர்த்தியாகப் பேருந்து ஓடும் பெருநகரத்துக்குத்தான் இது பொருந்தும், ஒரு நாளைக்கு நான்கு முறை டவுன் பஸ் வரும் ஊருக்கு எதற்கு என்ற எண்ணமே மேலோங்கி நிற்கிறது. நான் அதை ஏற்கவில்லை. ஓடும் வண்டியை அதன் நடையோடு பொருத்தும் கணக்கு பெருநகரத்தைவிடப் பெரம்பலூர், அரியலூர் போன்ற மாவட்டங்களில்தான் எளிது. அதன் தேவையும் இங்கேதான் கூடுதல். இங்கே உண்மையில் குறைவது கருவியும் கணக்கும் அல்ல, கணினி படிக்கும்படி எழுதப்பட்ட கால அட்டவணை.

பேருந்திலுள்ள கருவி என்ன அனுப்புகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். அட்சரேகை, தீர்க்கரேகை, வேகம், போகும் திசை, நேரம், கருவியின் அடையாள எண். இவ்வளவுதான் சாரம். வண்டியின் பதிவெண்ணும் தெரியும், ஆனால் அதனால் பெரிய பயன் இல்லை. டிஎன் 45 என் என்று தொடங்கினால் அது திருச்சியில் பதிவான அரசுப் பேருந்து என்று புரியும். டிஎன் 46 பெரம்பலூர் வண்டி, டிஎன் 61 அரியலூர் வண்டி. காலையில் துறையூர் போன வண்டி மதியம் ஆத்தூர் போகலாம். பழுதானால் அதன் இடத்தில் டெப்போவிலிருந்து ஸ்பேர் பஸ் வரும். ஆக, காலை எட்டு மணியளவில் பெரம்பலூருக்குத் தெற்கே சுமார் 8 கிலோமீட்டரில் இருக்கும் சிறுவாச்சூரில் தேசிய நெடுஞ்சாலைமீது தெற்கு நோக்கி ஒரு புள்ளி நகர்ந்தால், அது திருச்சி போகும் மப்சல் பஸ்ஸாக இருக்கலாம். பாடாலூரோடு நின்றுவிடும் டவுன் பஸ்ஸாக இருக்கலாம். ஆலத்தூர் கேட்டில் மேற்கே திரும்பிச் செட்டிகுளம் போகும் டவுன் பஸ்ஸாகவும் இருக்கலாம். மூன்றும் ஆலத்தூர் கேட் வரை ஒரே சாலையில்தான் ஓடுகின்றன. அரியலூர்ப் பக்கம் வி.கைகாட்டியிலும் இதே சிக்கல். அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் போகும் வண்டிகளும், திருச்சியிலிருந்து கங்கைகொண்ட சோழபுரம் வழியாகச் சிதம்பரம் போகும் வண்டிகளும் ஒரே சாலையில் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. கிழக்கு நோக்கி நகரும் புள்ளி ஜெயங்கொண்டத்தில் நின்றுவிடுமா, மீன்சுருட்டி வரை போகுமா என்பது புள்ளியைப் பார்த்தால் தெரியாது.

இருப்பிடத்தைத் துல்லியமாக அறிவதே பெரும்பாடாக இருந்த காலம் ஒன்று உண்டு. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் குறிகையில் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே கலந்திருந்த பிழை 2000 மே மாதம் நீக்கப்பட்டது. அதுவரை 100 மீட்டர் அளவுக்குத் தள்ளிக்காட்டிய கருவி அதன்பின் சில மீட்டர்களுக்குள் வந்தது. சிதறலாக வரும் புள்ளிகளைச் சாலையின்மேல் சரியாக உட்கார வைக்கும் முறையை மைக்ரோசாஃப்ட் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த பால் நியூசன், ஜான் க்ரம் இருவரும் 2009-இல் தெளிவாக வகுத்துக் கொடுத்தார்கள். அவர்கள் அளந்த தரவில் ஜிபிஎஸ் பிழையின் அளவு ஏறத்தாழ 4 மீட்டர். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே குறிகை எதிரொலித்து இந்தப் பிழை பல மடங்காகும். பெரம்பலூர்–அரியலூர் சமவெளியில் அந்தத் தொல்லை அனேகமாக இல்லை. கரிசல் மண் பரப்பும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுமாகத் திறந்த வானம். மேற்கே பச்சைமலை அடிவாரத்து ஊர்களில் செல்போன் குறிகை விட்டுவிட்டு வந்தாலும், ஏஐஎஸ்-140 கருவி புள்ளிகளைச் சேமித்துவைத்துத் தொடர்பு கிடைத்ததும் அனுப்பிவிடும். நான்குவழிச் சாலையில் நடுப்பாதைக்கும் அதை ஒட்டிய சர்வீஸ் ரோட்டுக்கும் இடையிலுள்ள சில மீட்டர் வேறுபாடு மட்டும் சில இடங்களில் குழப்பும். ஒரு வண்டி பெரம்பலூருக்குள் இறங்கப்போகிறதா, ஊரைத் தொடாமல் புறவழியில் போய்விடுமா என்பது அந்தச் சில மீட்டரில்தான் தொடங்குகிறது. அதுவும் ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும் ஐயம். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் பேருந்து அரை நிமிடத்தில் 500 மீட்டர் நகர்ந்துவிடுகிறது. அடுத்த புள்ளி வந்ததும் எந்தப் பாதை என்பது தெளிவாகிவிடும்.

ஆகவே மிச்சமிருப்பது 'எது' என்ற கேள்வி. இதற்கான கருவி ஜிபிஎஸ்ஸைவிட மிகப் பழையது. இங்கிலாந்துப் பாதிரியார் தாமஸ் பேய்ஸ் எழுதிவைத்த நிகழ்தகவு விதி அவர் இறந்தபின் 1763-இல் அச்சானது. ஒரு சான்று கிடைத்ததும், போட்டியிலிருக்கும் ஒவ்வோர் ஊகத்தையும் 'நீ உண்மையானால் இந்தச் சான்று கிடைக்க எவ்வளவு வாய்ப்பு?' என்று கேட்டு, அந்த வாய்ப்பால் அதன் எடையைப் பெருக்க வேண்டும். இதுதான் அந்த விதி. கணக்கைப் பார்க்க ஒரு கற்பனை அட்டவணையை வைத்துக்கொள்வோம். பெரம்பலூரிலிருந்து செட்டிகுளம் வண்டி 7:40-க்கும், திருச்சி வண்டி 7:50-க்கும், பாடாலூர் வண்டி 7:55-க்கும் கிளம்ப வேண்டும். சிறுவாச்சூருக்கு 15 நிமிட ஓட்டம். நம் புள்ளி 8:05-க்கு அங்கே இருக்கிறது. திருச்சி வண்டி என்றால் அது சரியான நேரம். செட்டிகுளம் வண்டி என்றால் 10 நிமிடத் தாமதம், பாடாலூர் வண்டி என்றால் 5 நிமிடம் முந்திவிட்டது. பேருந்து தாமதமாவது அன்றாடம் நடப்பது. முந்துவது அபூர்வம், ஏனென்றால் டைம் கீப்பர் நேரத்துக்கு முன்னால் வண்டியை விடமாட்டார். ஆகவே எடைகளை 10, 6, 1 என்று வைக்கலாம். திருச்சிக்கு 59 விழுக்காடு, செட்டிகுளத்துக்கு 35, பாடாலூருக்கு 6. இப்போது அந்தப் புள்ளி மப்சல் வண்டிகள் வழக்கமாக நிற்காத ஒரு சிறு நிறுத்தத்தில் அரை நிமிடம் நிற்கிறது. மப்சல் அங்கே நிற்கும் வாய்ப்பு பத்தில் ஒன்று, டவுன் பஸ் நிற்கும் வாய்ப்பு பத்தில் ஏழு என்று கொண்டால், எடைகள் 10, 42, 7 ஆக மாறுகின்றன. செட்டிகுளம் 71 விழுக்காட்டுக்கு ஏறிவிடுகிறது, திருச்சி 17-க்கு இறங்கிவிடுகிறது. ஒரே ஒரு நிறுத்தம் தீர்ப்பைப் புரட்டிப் போட்டுவிட்டது. ஆலத்தூர் கேட்டில் மேற்கே திரும்பினால் ஐயமே இல்லை. ஆனால் ஆலத்தூர் கேட்டுக்கு முன்பே சொல்ல முடிவதில்தான் பயன் இருக்கிறது.

ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியாகத் தீர்ப்பிட்டால் திரையில் வண்டி நொடிக்கொரு பெயர் மாறும். அதைத் தடுப்பது நினைவு. ஆண்ட்ரூ விட்டர்பி 1967-இல் தகவல் தொடர்புக்காக வகுத்த வழிமுறையை நியூசனும் க்ரமும் சாலைப் பொருத்தலுக்குப் பயன்படுத்தினார்கள். தனிப்புள்ளி எது என்று கேட்காமல், வந்த எல்லாப் புள்ளிகளையும் சேர்த்து விளக்கக்கூடிய மிக வாய்ப்புள்ள முழுச் சங்கிலி எது என்று அது தேடுகிறது. பேருந்தில் அந்தச் சங்கிலி சாலையோடு முடிவதில்லை. ஓட்டுநரும் நடத்துநரும் டெப்போவில் வாங்கும் டூட்டி என்பது நடைகளின் வரிசை: செட்டிகுளம் போய், பெரம்பலூர் திரும்பி, அடுத்து குரும்பலூர், மறுபடி திரும்பி என்று. அந்த வரிசை தெரிந்தால், இந்த வண்டி விடிகாலையில் செட்டிகுளத்திலிருந்துதான் வந்தது என்பது ஒன்றே பெரும் சான்றாகிவிடும். இரவு கடைசி நடையாக ஓர் ஊருக்குப் போய் அங்கேயே ஹால்ட் போட்டு, விடிந்ததும் முதல் நடையாகக் கிளம்பும் வண்டியைப் பொருத்துவது இருப்பதிலேயே எளிது. அந்த ஊரில் அந்த நேரத்தில் வேறு பேருந்தே இல்லை. டூட்டி வரிசையின் சான்று எவ்வளவு வலியது என்பது அது அறுந்துபோகும் நாளில்தான் தெரியும். வண்டி பழுதாகி ஸ்பேர் பஸ் வந்த அன்று, நேற்றைய வரிசையையே நம்பிக்கொண்டிருக்கும் நிரல் மணிக்கணக்கில் தவறான பெயரைக் காட்டிக்கொண்டிருக்கும். ஆகவே வரிசைக்கு மிகுந்த எடை தரலாம், முழு எடையும் தந்துவிடக் கூடாது.

இப்போது மையமான வாதத்துக்கு வருகிறேன். தாம்பரத்துக்கும் பிராட்வேக்கும் இடையே ஓடும் 21ஜி போன்ற தடத்தில் சில நிமிடங்களுக்கு ஒரு வண்டி என்று வைத்துக்கொண்டால், 15 நிமிடம் தாமதமான வண்டியும் பின்னால் வரும் நடை ஒன்றில் 5 நிமிடம் முந்திய வண்டியும் கணக்குக்கு ஒன்றுபோலவே தோன்றும். அதற்கு மேல் பாதி வழியில் திரும்பிவிடும் கட் சர்வீஸ் வேறு. ஊகங்கள் நெருக்கியடிக்கும் இடம் அது. ஆனால் அங்கே பொருத்தல் தவறினால் பயணிக்கு நட்டம் குறைவு. தாம்பரம் போக நிற்பவருக்கு வருவது 8:05 வண்டியா 8:15 வண்டியா என்பது பொருட்டில்லை. செட்டிகுளம் தடத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நடை என்று கொள்வோம். 40 நிமிடம் தாமதமான வண்டியைக்கூட அடுத்த நடையோடு யாரும் குழப்ப முடியாது. நேரக் குழப்பம் அனேகமாக மறைந்துவிடுகிறது. மிஞ்சுவது பொதுச்சாலையில் ஒன்றாக ஓடிப் பிறகு கிளை பிரியும் குழப்பம் மட்டும். அதற்குப் போட்டியிடும் ஊகங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஒரு டெப்போவின் வண்டிகள் அனைத்துக்கும் இந்தக் கணக்கைச் சாதாரணக் கணினி ஒன்றே செய்து முடிக்கும். தவறின் விலையைப் பார்த்தால் நிலைமை தலைகீழ். வருவது செட்டிகுளம் வண்டி என்று நம்பி நின்றவர் முன்னால் திருச்சி வண்டி வந்து நின்றால், இழப்பு இரண்டு மணி நேரம், ஒரு நாள் கூலி, ஒரு தேர்வு, ஒரு மருத்துவமனைச் சீட்டு. கணக்கு எளிது, விலை பெரிது என்ற இந்த இரண்டும் சேர்ந்து வரும் இடத்தில்தான் ஒரு தொழில்நுட்பத்தை முதலில் கொண்டுபோக வேண்டும். நாம் எளிமையும் விலையும் தலைகீழாக இருக்கும் இடத்திலிருந்து தொடங்கியிருக்கிறோம்.

இன்னொரு காரணமும் உண்டு, அது பணம் சார்ந்தது. 2021 மே முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். மப்சல் வண்டியிலும் எக்ஸ்பிரஸிலும் அந்தச் சலுகை கிடையாது. சிறுவாச்சூரில் நிற்கும் ஒரு பெண்ணுக்கு, வந்துகொண்டிருக்கும் புள்ளி டவுன் பஸ்ஸா மப்சலா என்பது காசு கொடுப்பதா வேண்டாமா என்ற கேள்வி. முன்னால் வரும் வண்டியில் காசு கொடுத்து ஏறுவதா, பத்து நிமிடம் பொறுத்து டவுன் பஸ்ஸில் போவதா என்று அவர் முடிவெடுக்க, இருப்பிடம் மட்டும் தெரிந்தால் போதாது.

இதற்கு எளிய மறுப்பு ஒன்று கிளம்பும். இவ்வளவு நிகழ்தகவுக் கணக்கு எதற்கு, நடத்துநரே டிக்கெட் மிஷினில் தடத்தைத் தேர்ந்தெடுக்கிறாரே, அதை எடுத்துக்கொண்டால் போதாதா? நியாயமான கேள்வி. மிஷினில் தடமும் திசையும் ஸ்டேஜும் பதிவாகின்றன. கட்டணமில்லாத பயணத்துக்கும் சீட்டு அடிக்கப்படுவதால் அந்தப் பதிவு இடைவிடாமல் இருக்கும். ஆனால் மனிதர் அழுத்தும் எந்தப் பொத்தானும் சில வேளை தவறாகத்தான் இருக்கும். கூட்டம் பிதுங்கும் காலை நேரத்தில் திரும்பும் நடைக்கு மாற்ற மறந்துபோவது இயல்பு. நியூயார்க் நகரம் இதை நேரடியாகச் சந்தித்தது. அங்கே பேருந்தின் பெயர்ப்பலகை மாறுவதற்காக ஓட்டுநர் ஓர் எண்ணை அழுத்துவார். 2011 பிப்ரவரியில் புரூக்ளினின் பி63 தடத்தில் தொடங்கி 2014 மார்ச்சில் நகரம் முழுவதையும் எட்டிய 'பஸ் டைம்' அமைப்பு அந்த எண்ணை உண்மை என்று எடுத்துக்கொள்ளவில்லை. வலுவான ஒரு சான்றாக மட்டும் எடுத்துக்கொண்டு, புள்ளிகளோடும் அட்டவணையோடும் சேர்த்து எடைபோட்டது. பல ஊகங்களை ஒரே நேரத்தில் உயிரோடு வைத்திருந்து, சான்று வர வர வலுவற்றவற்றை உதிர்க்கும் வழிமுறை அதனுடையது. நம் டிக்கெட் மிஷினையும் அப்படியே நடத்த வேண்டும். மேலே பார்த்த கணக்கில் அது சேர்ந்தால் செட்டிகுளத்தின் எடை சிறுவாச்சூருக்கு முன்பே உச்சத்துக்குப் போயிருக்கும். நடத்துநர் மறந்த நாளில், சாலையின் சான்று அதைத் திருத்தும்.

பொருத்தவே வேண்டாம், புள்ளியைத் திரையில் காட்டிவிட்டால் மக்களே புரிந்துகொள்வார்கள் என்று சொல்வோரும் உண்டு. தன் ஊர்த் தடத்தை நன்றாக அறிந்தவர் ஓரளவு ஊகிப்பார்தான். ஆனால் வரைபடத்தைப் படிக்கத் தெரிந்தவருக்கும், இணையத்துடன் கூடிய கைப்பேசி வைத்திருப்பவருக்கும் மட்டுமே புள்ளி பயன்படும். நடையோடு பொருத்தப்பட்ட தகவலை ஒரே வரியாகக் குறுஞ்செய்தியில் அனுப்பலாம், பேருந்து நிலையத்து ஒலிபெருக்கியில் சொல்லலாம், பார்வையற்ற ஒருவருக்குக் கைப்பேசி படித்துக்காட்டலாம். புள்ளியை யாராலும் படித்துக்காட்ட முடியாது. இன்னொன்று: புள்ளி கடந்ததை மட்டும்தான் சொல்லும். எப்போது வந்து சேரும் என்று கணிக்க, வண்டி வழியில் எந்த ஊருக்குள் நுழைந்து திரும்பும் என்பது தெரிந்தாக வேண்டும். நம் டவுன் பஸ்களில் சில நடைகள் மெயின் ரோட்டோடு போய்விடும், சில நடைகள் ஊருக்குள் போய்த் திரும்பி வரும். அந்த ஒரு திருப்பத்தில் பத்து நிமிடம் மாறிவிடும்.

மூன்றாவது மறுப்பு கொஞ்சம் வலுவானது. நம் பேருந்துகள் அட்டவணைப்படி ஓடுவதே இல்லை, அப்படியிருக்க அட்டவணையோடு பொருத்தி என்ன பயன்? அட்டவணை என்பதை வாக்குறுதியாகப் பார்த்தால் இந்த மறுப்பு சரி. பொருத்தலுக்கு அது வாக்குறுதியாக இருக்க வேண்டியதில்லை. எந்த நடை, எந்த வழியில், எந்த வரிசையில் என்பதைச் சொல்லும் பட்டியலாக இருந்தால் போதும். நேரம் எவ்வளவு தளர்ந்தாலும் வரிசையும் வழியும் பெரும்பாலும் அப்படியே நிற்கின்றன. தளர்ச்சிக்கும் ஓர் உருவம் இருக்கிறது, அதைக் கற்றுக்கொள்ளலாம். அரியலூர்ப் பக்கம் சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் லாரிகள் எந்தச் சாலையில், எந்த மணியில் நெரிக்கின்றன என்பது சில வாரப் பதிவுகளிலேயே தெரிந்துவிடும். அந்தச் சாலையில் 20 நிமிடத் தாமதம் இயல்பு என்று கணக்கு தானாகவே விரித்துக்கொள்ளும். பச்சைமலை அடிவாரத்துக் காலிச் சாலையில் அதே 20 நிமிடம் ஐயத்துக்குரியது. ஆக, ஒழுங்கின்மை பொருத்தலைத் தோற்கடிப்பதில்லை. பதிவாகாத ஒழுங்கின்மைதான் தோற்கடிக்கிறது.

நாட்களின் ஒழுங்கும் இப்படித்தான். சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் பொதுவாகத் திங்கள், வெள்ளி இரு நாட்களில்தான் திறக்கப்படும். அந்த நாட்களின் கூட்டமும் மற்ற நாட்களின் கூட்டமும் ஒன்றல்ல. கங்கைகொண்ட சோழபுரத்தில் ஐப்பசிப் பௌர்ணமி அன்னாபிஷேகத்துக்குச் சாலையே கோயிலை நோக்கித் திரும்பிவிடும். முகூர்த்த நாட்களில் போக்குவரத்துக் கழகம் சிறப்புப் பேருந்துகளை அறிவிக்கிறது. வாரக்கிழமையை மட்டும் அறிந்த நிரலுக்குப் பௌர்ணமியும் முகூர்த்தமும் தெரியாது. ஆனால் இது தீர்க்க முடியாததல்ல. உலகம் முழுவதும் பேருந்து அட்டவணைகளைப் பகிரும் பொது வடிவமான ஜிடிஎஃப்எஸ்ஸில், கிழமைக்கு ஒரு கோப்பும் விதிவிலக்கான தேதிகளுக்கு இன்னொரு கோப்பும் உண்டு. ஆண்டின் தொடக்கத்தில் பஞ்சாங்கத்தைப் பார்த்து அந்தத் தேதிகளை ஒருமுறை நிரப்பினால் முடிந்தது. 2005-இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரப் போக்குவரத்து நிறுவனம் கூகுளுடன் சேர்ந்து உருவாக்கிய அந்த வடிவம், வெறும் எழுத்துக் கோப்புகளின் தொகுப்பு. நிறுத்தங்கள், தடங்கள், நடைகள், ஒவ்வொரு நடையும் ஒவ்வொரு நிறுத்தத்துக்கு வர வேண்டிய நேரம். நள்ளிரவைத் தாண்டும் நடையை 25:10 என்று எழுதிக்கொள்ளும் அளவுக்கு நடைமுறை அறிவுள்ள வடிவம் அது. ஓடும் வண்டியின் செய்தியை அனுப்பும் அதன் மற்றொரு பகுதி 2011-இல் வந்தது. கொச்சி மெட்ரோவும் தில்லியும் 2018-இல் இந்த வடிவில் தங்கள் தரவைப் பொதுவில் வைத்தன.

பெரம்பலூர், அரியலூர் நடைகளின் பட்டியல் இல்லாமல் இல்லை. காகிதத்தில் இருக்கிறது, அதுவும் பல இடங்களில். 1995-இல் திருச்சி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. அதிலிருந்து அரியலூர் 2001-இல் பிரிந்து, 2002-இல் மறுபடி சேர்ந்து, 2007-இல் மீண்டும் தனி மாவட்டமானது. தடங்கள் இந்த எல்லைகளைப் பார்த்து ஓடுவதில்லை. தீரன் சின்னமலை, சோழன் என்ற பெயர்களில் ஓடிய கழகங்கள் 1997-க்குப் பின் ஒரே பெயருக்குள் வந்தன. இப்போது இந்தப் பகுதி அரசுப் பேருந்துகள் கும்பகோணம் கோட்டத்தின் கீழ் இயங்குகின்றன. டூட்டி வரிசை டெப்போவில் இருக்கிறது, புறப்படும் நேரம் டைம் கீப்பர் அறையின் பலகையில் இருக்கிறது, தனியார் பேருந்துகளின் நேரங்கள் அவற்றின் பர்மிட்டோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் இருக்கின்றன. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் கீழ்ப் பர்மிட் வழங்கும்போதே தடமும் நேரமும் நிபந்தனைகளாக வைக்கப்படுகின்றன. அந்த நேரங்களுக்காக உரிமையாளர்கள் போட்டிபோடுவதும் உண்டு. தங்களுக்குள் நிமிடக் கணக்கில் வாதாடித் தீர்மானித்த ஒன்று, சாலையோரத்தில் நிற்கும் பயணிக்கு மட்டும் எட்டாமல் இருப்பது எனக்கு ஏற்கத்தக்கதாகத் தெரியவில்லை. பொதுச் சாலையில் பொது அனுமதியோடு ஓடும் ஒரு நடையின் நேரம் பொதுச்சொத்து. அதைத் தட்டச்சு செய்து வெளியிடுவதற்கு ஆகும் செலவு, வண்டிகளில் பொருத்திய கருவிகளின் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது.

ஓட்டுநர்களின் அச்சத்தையும் ஒதுக்கிவிட முடியாது. நடையோடு பொருத்திய பதிவு என்பது, யார் எத்தனை நிமிடம் தாமதம் என்ற பட்டியலும்தான். அது விளக்கம் கேட்கும் மெமோவாக மாறினால், கருவியின் வயரைப் பிடுங்கிவிடும் நாள் தூரத்தில் இல்லை. அதற்கு மேல், நேரத்தைப் பிடிக்க வேகத்தைக் கூட்டும் ஆபத்தும் இருக்கிறது. இதற்கு என் பதில், பதிவை முதலில் அட்டவணையை விசாரிக்கப் பயன்படுத்த வேண்டும் என்பதே. ஒரே நடை, ஓட்டுநர் யாராக இருந்தாலும், மாதம் முழுக்க 15 நிமிடம் பிந்துகிறது என்றால், அங்கே குற்றவாளி ரன்னிங் டைம். அதை நிர்ணயித்த பிறகு சாலையில் லாரிகள் பெருகியிருக்கலாம், நிறுத்தங்கள் கூடியிருக்கலாம், ஏறும் கூட்டம் கூடியிருக்கலாம். இதுவரை அதை நிரூபிக்க ஓட்டுநரிடம் வாய்ச்சொல் மட்டும் இருந்தது. இனி அவர் கையில் ஆதாரம் இருக்கும். தனிநபர் தண்டனைக்கு இந்தப் பதிவைத் தனியாகப் பயன்படுத்தக் கூடாது என்று தொழிற்சங்கங்களோடு எழுத்தில் உடன்படிக்கை செய்துகொண்டு தொடங்குவது நல்லது.

இதுவரை வண்டியிலிருந்து நடையைத் தேடினோம். கிராமத்துக்கு அதைவிட முக்கியமானது எதிர்த்திசைத் தேடல்: இந்த நடைக்கு எந்த வண்டி? விடை 'எதுவும் இல்லை' என்றால், அதைத்தான் பயணி முதலில் அறிய வேண்டும். அட்டவணையில் இருக்கிறது என்பதற்காக வராத வண்டியை வருவதாகக் காட்டிக்கொண்டே இருக்கும் திரைகள் பெரிய நகரங்களிலும் உண்டு. இங்கேயும் பேய்ஸ் கணக்கு உதவும். ஒரு நடை இருபது நாளுக்கு ஒருமுறை ரத்தாகிறது, ஓடும் நாட்களில் இருபதுக்குப் பத்தொன்பது முறை 15 நிமிடத்துக்குள் கிளம்பிவிடுகிறது, அரை மணி தாண்டுவது இருநூறுக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்வோம். நேரம் கடந்து 15 நிமிடம் ஆகியும் பொருந்தும் வண்டி ஒன்றும் கிளம்பவில்லை என்றால், ரத்தாகியிருக்கும் வாய்ப்பு 5 விழுக்காட்டிலிருந்து 51-க்கு ஏறுகிறது. அரை மணி ஆனால் 91. கருவி செத்துப்போய் வண்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும் வாய்ப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கு டிக்கெட் மிஷின் சாட்சி: அந்த நடைக்கு ஒரு சீட்டு அடிக்கப்பட்டிருந்தால்கூட வண்டி ஓடுகிறது. சீட்டும் இல்லை, புள்ளியும் இல்லை என்றால் 7:40 நடை வராது என்று எட்டேகாலுக்குள் சொல்லிவிடலாம். அடுத்து வரும் பாடாலூர் வண்டியில் ஏறி ஆலத்தூர் கேட்டில் இறங்கி, அங்கிருந்து செட்டிகுளத்துக்கு வேறு வழி பார்க்கலாமா என்று பயணி முடிவெடுக்க அப்போது இன்னும் நேரம் இருக்கும். ஸ்பேர் பஸ்ஸை எந்தத் தடத்துக்கு அனுப்புவது என்று டெப்போவும் முடிவெடுக்கலாம். அடுத்த நடைக்கு இரண்டு மணி நேரம் இருக்கும் செட்டிகுளம் தடத்துக்கா, பத்து நிமிடத்தில் இன்னொரு வண்டி வரும் திருச்சித் தடத்துக்கா என்பதும் அப்போது கண்முன் எண்ணாகவே இருக்கும்.